சுவருக்கு இந்தப் பக்கம்

கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் சத்தத்தைத்தான் பார்க்கிறார்கள், ஒயரைப் பார்ப்பதில்லை. ஒயர்தான் முக்கியம் சார். ஸ்பீக்கருக்குள் சின்ன ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. பக்கத்தில் யாராவது டிரான்ஸ்மிட்டரில் பேசினால், நீள ஒயர் அந்த அலையைப் பிடித்து அதன் காதில் ஓதிவிடும். வால்யூமைச் சுத்தமாகக் குறைத்திருந்தாலும் பேசும். அதனால் என்னைப் போன்ற ரேடியோ பைத்தியங்கள் ஸ்பீக்கரைத் தள்ளியே வைப்போம்.

அண்ணிக்கு வாங்கிக் கொடுத்ததை நான் தள்ளி வைக்கவில்லை.

அண்ணன் விபத்தில் போனபின் அண்ணி வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். அவர் மேசைக்கும் என் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவே ஒரு சுவர்தான். முதல் தடவை தற்செயல் என்று எழுதிக்கொள்ளுங்கள். மைக்கில் "கேக்குதா?" என்றேன். உடனே அண்ணி என் வாசலில் நின்றார். கண்ணில் நீர், வாயெல்லாம் சிரிப்பு.

"தம்பி, அவர் பேசினாரு!"

எனக்கும் அண்ணனுக்கும் ஒரே குரல். போனில் அம்மாவே ஏமாறுவாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். அந்த முகத்தைப் பார்த்தபின் யாருக்கு மனசு வரும்?

மறுநாள் மைக்கில் மெதுவாக "மைனா" என்று கூப்பிட்டேன். அண்ணன் வைத்த செல்லப் பெயர். அந்தப் பக்கம் நாற்காலி உருண்டது.

"எங்கங்க போயிருந்தீங்க இவ்ளோ நாளா?"

"இங்கதான். நீதான் காதுலயே வாங்கல."

"அடப்பாவி மனுஷா!"

எனக்குத் தலைகால் புரியவில்லை சார். விசிலடித்துக்கொண்டே பல் தேய்த்தேன். அண்ணி பூப்போட்ட புடவைக்கு மாறினார், வயிறாரச் சாப்பிட்டார். ஸ்பீக்கரில் அண்ணன் சொன்னதையெல்லாம் என்னிடமே வந்து ஒப்பிப்பார். நான் புதிதாகக் கேட்பதுபோல் வாய்பிளப்பேன்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

"தம்பி தங்கமானவன்னு சொன்னாரு."

அதையும் நான்தானே சொன்னேன்! தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தேன்.

பிறகு அண்ணியின் அப்பா வந்தார், மகளைத் தன்னோடு கூட்டிப்போக. சாமான் கட்டும் சத்தம் கேட்டது. நடுவே அண்ணி ஸ்பீக்கரிடம் கேட்டார்: "அங்கயும் பேசுவீங்களா?"

"மாட்டேன். நீ வந்துடு மைனா. இந்தப் பக்கம் வந்துடு."

சாமான் கட்டும் சத்தம் நின்றது.

"பயமா இருக்குங்க."

ஊர் வாய்க்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். "நான் இருக்கேன்ல, என்ன பயம்?"

"இதோ வரேன்."

தலை வாரினேன். அண்ணனின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கதவை அகலத் திறந்து வைத்தேன். கால்சத்தம் ஓட்டமாக வந்தது, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைபோல. என் கதவைத் தாண்டி மொட்டைமாடிப் படியில் ஏறியது.

நான் தள்ளிவிட்டேன் என்று அவர் அப்பா சொல்வது பொய். வாசலை விட்டு நான் அசையவே இல்லை. கூப்பிட்டது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அண்ணி அண்ணனிடம் போய்விட்டார். அந்தத் துரோகத்தை மட்டும் ஏன் சார் எழுதிக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள்?