மழைமானிக் கோளாறு

ஒரு ஆளுக்குச் சமைப்பது எனக்கு எப்போதுமே சரியாக வந்ததில்லை, சார். குறையும், இல்லாவிட்டால் மிஞ்சும்.

சேரன்மகாதேவியில் தனியாக இருக்கிறேன். வீட்டிலிருந்தபடி மென்பொருள் எழுதுவது என் வேலை. மலையிலுள்ள மழைமானிகளின் அளவுகளை வாங்கி, ஆற்றில் வெள்ளம் வருமா என்று சொல்லும் மென்பொருள் ஒன்றையும் எழுதினேன். அதற்குக் காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம்.

முதலில் நானே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆற்றோரம் வாழை போட்டிருந்த ஐயம்பெருமாள் அண்ணாச்சி சாயங்காலமானால் போன் செய்வார்.

"தம்பி, மேக்க மழை எப்படி இருக்கு? மோட்டார மேல ஏத்திரட்டுமா?"

பதில் சொன்னதும் வைத்துவிட மாட்டார். "சாப்ட்டியளா?" என்பார். வேறு யாரும் என்னிடம் அதைக் கேட்பதில்லை.

பிறகு, மழை நிலவரம் எல்லோர் போனுக்கும் தானாகவே செய்தியாகப் போகும்படி செய்தேன். ஊரே பாராட்டியது. அதோடு அவர் கூப்பிடுவதும் நின்றது.

ஐப்பசியில் அந்த மென்பொருளில் ஒரு வரி சேர்த்தேன். மலையில் அளவுக்கு மீறி மழை பதிவானால், மழைமானிக் கோளாறு என்று அதைத் தள்ளிவிட வேண்டும். இந்தத் தொழிலில் அது வழக்கம்தான். பழுதான மானி தாறுமாறாகக் காட்டும். நான் வரம்பைக் கொஞ்சம் கீழே வைத்தேன், அவ்வளவுதான். செய்தி மழை குறைவு என்று சொல்லும், மலை கறுத்துக் கிடக்கும், சந்தேகம் வந்து அண்ணாச்சி கூப்பிடுவார் என்று நினைத்தேன். எதையும் ஒளிக்கவில்லை. அந்த வரி என் பெயரோடு பொதுவில்தான் கிடந்தது. ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

கார்த்திகையில் மலையில் கொட்டித் தீர்த்தது. உண்மையான அளவு என் திரையில் தெரிந்தது. 'மழை குறைவு' என்று செய்தி போனதும் தெரியும். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நீங்களே ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கிறீர்கள். அவரிடம் என் நம்பர் இருந்தது, சார்.

பொழுது சாயும்போது போன் அடித்தது. அவர் நம்பர்தான். சந்தோஷமாக எடுத்தேன். பேசியது அவர் மனைவி பிரம்மநாயகி.

"ஒங்க மெசேஜப் பாத்துட்டுதான் தம்பி, மோட்டார் குழாயில அடைஞ்ச செத்தைய எடுக்க எறங்குனாவ. ஆறு கொண்டு போயிட்டு."

அன்றைக்குக் காலையிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. அந்த அம்மா கேட்டால் சொல்லலாம் என்று போனை வைக்காமல் இருந்தேன். கடைசிவரை அழுதாளே தவிர, சாப்பிட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.