பாதி கழன்ற வயர்

கீபோர்டும் மவுஸும் ஒரே நேரத்தில் நின்றுபோனால், இரண்டும் கெட்டுவிட்டன என்று நினைக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது எதுவோ அதைப் பார்த்தால் போதும். திருப்பதியில் பதினொரு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் ஒரு வயர்தான் கழன்றிருக்கும்.

அன்றைக்கும் அப்படித்தான். எங்கள் மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் அழைப்புகளை எடுக்கும் ஷோபா, பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டாள். மவுஸ் அம்பு நகரவில்லை, எழுத்தும் விழவில்லை. குனிந்து பின்பக்கம் பார்த்தேன். இரண்டும் ஒரே யுஎஸ்பி பெட்டியில் சொருகியிருந்தன. பெருக்கும்போது துடைப்பம் பட்டதோ என்னவோ, அந்தப் பெட்டியின் வயர் பாதி வெளியே வந்திருந்தது. விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் சரியாகிவிடும். கை நீட்டினேன். அப்போது போன் அடித்தது.

ஷோபா ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்க ஊட்டுக்காரரு மார்ல கைய வெச்சிக்கினு கீழ உழுந்துட்டாரும்மா. பேச்சு வர்ல. பிச்சாட்டூர் ஏரிக்கட்டைப் பக்கம். சீக்கிரம் வண்டி அனுப்பும்மா."

அது என் தங்கை சந்தியா. நான் கையை இழுத்துக்கொண்டேன்.

அவளைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். நைனா செத்துப்போன பிறகு, அப்பா இடத்தில் நின்று அவளைப் படிக்க வைத்தது நான். அவள் என்னைக் கேட்காமல், பாக்டரியில் கூட வேலை பார்த்த ஹரிபாபுவை ரிஜிஸ்தர் ஆபீசில் கட்டிக்கொண்டாள். நான் கோபப்படவில்லை. போய்ப் பார்த்தேன். இளைத்திருந்தாள். "அடிக்கிறானா?" என்று கேட்டேன். "அவரா? உனுக்கு இன்னா பைத்தியமாண்ணா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பயம் வந்தது. பயந்துபோனவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு மூன்று வருடம் நான் சரியாகத் தூங்கியதில்லை.

பிச்சாட்டூர் பஸ் நிலையத்தில் எங்கள் வண்டி எப்போதும் நிற்கும். டிரைவர் ரமணா. அங்கிருந்து அவள் வீடு ஏழு நிமிடம். ஷோபா விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் டிரிப் நம்பர் அவன் போனுக்குப் போகும். நம்பர் இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்பது விதி.

"நான் ரமணாவுக்குப் போன் பண்ணிடட்டா சார்?" என்றாள் ஷோபா.

"போன மாசந்தான் நம்பர் இல்லாம வண்டிய அனுப்பி மெமோ வாங்கின. இரும்மா, ரெண்டு நிமிஷம். ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம்" என்றேன்.

என் குரல் போனில் கேட்டுவிட்டது. "அண்ணா, நீயா?" என்றாள் சந்தியா. நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். "அண்ணா இருக்கியா? அப்ப சரிண்ணா. வண்டி வந்துடும். இந்தாங்க, அண்ணா அங்க இருக்குது, கேக்குதா?" என்று ஹரிபாபுவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் ரீஸ்டார்ட் செய்தேன். அன்றைக்குப் பார்த்து அப்டேட் ஏறியது. அதை நான் செய்யவில்லை, நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம். அது முடியும்வரை காத்திருந்தோம். மவுஸைத் திருப்பி ஊதினேன். கீபோர்டைக் கழற்றி அதே பெட்டியில் மறுபடி சொருகினேன். ஷோபா பின்பக்கம் குனியப் போனாள். "தொடாதம்மா, ஷாக் அடிக்கும்" என்றேன். அவள் அந்த வயரைப் பார்த்துவிட்டால் எல்லாம் போய்விடும். பிறகு புது கீபோர்டு எடுக்க இரண்டாவது மாடிக்குப் போனேன். லிப்ட் நோயாளிகளுக்கானது என்பதால் படியில் ஏறினேன்.

நான் திரும்பி வந்தபோது ஷோபா அழுதுகொண்டே தன் செல்லில் ரமணாவோடு பேசிக்கொண்டிருந்தாள். "பெல்லிகா வெள்ளன்னா, பெல்லிகா" என்று சீக்கிரம் போகச் சொல்லித் தெலுங்கில் கெஞ்சினாள். போன் வந்து பதினேழு நிமிடம் ஆகியிருந்தது. ஸ்பீக்கரில் சந்தியா என்னைக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். அவள் மூச்சு மட்டும் கேட்டது.

ரமணா அங்கே போனபோது ஹரிபாபு உடம்பில் சூடு மட்டும் இருந்ததாம். அவ்வளவுதான்.

நான் குனிந்து வயரை அழுத்தினேன். மவுஸின் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஷோபாவை மறுநாளே வேலையை விட்டு நிறுத்தினார்கள். தன்னால்தான் தாமதம் என்று அவளே எழுதிக் கொடுத்தாள். எட்டு நாள் நான் எதுவும் சொல்லவில்லை. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நான் முதலிலேயே அந்த வயரைப் பார்த்தது கேமராவில் தெரிகிறது என்றீர்கள். பார்த்தேன். தெரிந்தேதான் விட்டேன். போனில் இருப்பது யார், சாகப்போவது யார் என்று தெரிந்துதான் படியேறினேன். ஹரிபாபுவை நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

சந்தியா இன்னும் மாமியார் வீட்டில்தான் இருக்கிறாள். நேற்று ஸ்டேஷன் வாசலில் என்னைப் பார்த்ததும் மாமியாரின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர்கள் அவளை எவ்வளவு மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் வெளியே வரும்வரை அவளைக் கொஞ்சம் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் சார்.