அட்டையில் இல்லாத பல் மருத்துவர்

அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் உட்கார இடம் தேடித்தான் வருகிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கால் வலிக்கும்போது மனிதர்கள் முகத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. வரைவதற்கு அதைவிட நல்ல முகம் கிடையாது. பதினோரு ஆண்டுகளாக அந்த முகங்களைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். நாளுக்கு ஒன்று. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய அட்டை, வண்ணப் பெட்டி, தண்ணீர்ப் புட்டி, மடக்கு ஸ்டூல். அருங்காட்சியகத்துக்கு விடுமுறையான திங்கட்கிழமைகளில் தெருவை வரைவேன்.

அவசரமில்லை, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். நன்றி. இப்படிக் கேட்கிறவர்கள் குறைவு.

என் வேலைக்கு ஒரே ஒரு விதி. அட்டையில் இருப்பதும் உலகத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். வரைந்து முடித்ததும் அட்டையின் பின்புறம் இடம், தேதி, நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கையெழுத்துப் போட்ட பிறகு அது படம் அல்ல, சாட்சியம். நான் பொய் சொல்லாதவன். என் அக்காவைக் கேட்டுப் பாருங்கள். தம்பிக்கு சர்க்கரை வியாதி என்று மற்றவர்கள் சொல்வதுபோல, தம்பி பொய் சொல்ல மாட்டான் என்று அவள் சொல்வாள்.

முதல் பிழை ஒரு திங்கட்கிழமை நடந்தது. பூட்டு பழுதுபார்க்கும் கடை ஒன்றை வரைந்தேன். வீட்டுக்கு வந்து அட்டையை மேசைமேல் வைத்தபோதுதான் கவனித்தேன்: கடையின் கதவு பழுப்பு, அட்டையில் பச்சை. வேறு யாராவது என்றால் அட்டையைக் கிழித்திருப்பார்கள். கையெழுத்துப் போட்டதை எப்படிக் கிழிப்பது? ஒரு டப்பா பச்சை வண்ணமும் பிரஷும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனேன். பாதிக் கதவு முடிந்திருந்தபோது பூட்டுக்காரர் வெளியே வந்தார்.

"யாரு சொன்னா உன்னை அடிக்கச் சொல்லி?"

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"அப்ப அந்த ஜன்னலையும் சேத்து அடிச்சு விட்டுரு."

"ஜன்னல் பழுப்புங்க. அது சரியாத்தான் இருக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டு, நான் முடிக்கும்வரை வேடிக்கை பார்த்தார். கதவு நன்றாக இருக்கிறது என்றார். தெருவில் போன இரண்டு பெண்களும் அதையே சொன்னார்கள்.

வீடு திரும்பும்போது என் கால் தரையில் பாவவில்லை. அதை எப்படி உங்களுக்கு விளக்குவது? பல ஆண்டுகளாக ஊர் எப்படி இருக்கிறதோ அப்படியே வரைந்துகொண்டிருந்தவனுக்கு, ஊரே ஒருநாள் அட்டையைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொண்டது. படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக ஏறினேன். எனக்கு வயது ஐம்பத்துமூன்று.

அதன் பிறகு பிழைகள் கூடிக்கொண்டே போயின. கண் பார்வை காரணமாக இருக்கலாம். நான்காம் கூடத்துக் காவலாளி அண்ணன் இருபது ஆண்டுகளாகக் கதவுக்கு வலப்புறம் உட்காருகிறவர். அவரை இடப்புறம் வரைந்துவிட்டேன். காலில் விழாத குறையாகக் கேட்டு இடப்புறம் நகர்த்தினேன். அங்கே காற்று நன்றாக வருகிறது என்று அவர் இன்றுவரை திரும்பவில்லை. பூங்காவின் மூலையில் நான்கு பெஞ்சுகளுக்கு மூன்றுதான் வரைந்திருந்தேன். நான்காவதைப் புதருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனதில் முதுகு பிடித்துக்கொண்டது. ஆனாலும் இரண்டு நாள் சிரித்துக்கொண்டே நடந்தேன். எல்லாவற்றையும் அன்று மாலைக்குள் சரிசெய்துவிடுவேன். அதை மறுநாளுக்குத் தள்ளுவது என் வழக்கமில்லை.

சலவைக் கடை வாசலில் ஒரு நாய் கட்டியிருக்கும். தெருவை வரைந்தபோது அது விடுபட்டுவிட்டது. அவிழ்த்துப் பேருந்தில் ஏற்றிக் கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டேன். வழியெல்லாம் அது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் இருவருமே மிகவும் மகிழ்ச்சியாக இருந்தோம். சலவைக் கடைக்காரரின் மகள் மூன்று வாரம் சுவர்களில் நாயின் படத்தை ஒட்டினாள். அவளே வரைந்த படம். காது தவறாக இருந்தது. சொல்லலாமா என்று யோசித்தேன், மனது வரவில்லை.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் தையல்காரி, ஊரார் துணிகளைப் பிரித்துத் தைப்பவள். கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சட்டை சரியில்லன்னா சட்டையத்தான்டா வெட்டணும். போட்டுக்கிற ஆளயா வெட்டுவாங்க?"

"நாயைத்தானேக்கா கொண்டுபோய் விட்டேன்."

"இன்னைக்கு நாயி," என்றாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள். அக்கா எதையும் பெரிதுபடுத்துகிறவள்.

இனி புதன்கிழமை ஜோடியைப் பற்றிச் சொல்கிறேன்.

அருங்காட்சியகத்தில் எல்லோரும் அவர்களை அப்படித்தான் அழைப்பார்கள். அவர் ஓய்வு பெற்ற பல் மருத்துவர். எந்தப் பருவத்திலும் கடுகு நிறத்தில் ஒரு கம்பளிச் சட்டை. அந்த அம்மா அஞ்சல் நிலையத்தில் வேலை பார்த்தவர். புதன்தோறும் நான்காம் கூடத்தில், பெரிய கடல் ஓவியத்துக்கு எதிரே இருக்கும் மெத்தை பெஞ்சில் வந்து உட்காருவார்கள். ஓவியத்தைப் பற்றி அவர்கள் பேசுவதைக் கேட்பதற்காகவே காவலாளி அண்ணன் வானொலியை அணைத்துவிடுவார்.

"போன வாரம் இந்தக் கப்பல் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்துச்சு," என்பார் அவர்.

"கப்பல் அங்கயேதான் இருக்கு. நீங்கதான் வாராவாரம் என் பக்கம் நகந்து வரீங்க."

"கடல்காத்து அடிக்குதுல்ல."

"அடிக்குது, அடிக்குது."

இன்னொரு நாள், "அந்த மாலுமிக்குக் கடைவாய்ப் பல்லு ரெண்டு இல்ல, கன்னத்தப் பாரேன்," என்றார். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். உண்மைதான். அந்தக் கன்னத்தை அதுவரை நூறு தடவை பார்த்திருப்பேன், எனக்குத் தெரிந்ததில்லை. நல்ல கண் அவருக்கு. எனக்கு அவர்மேல் எந்த வருத்தமும் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் புதன்கிழமை இரண்டரை மணிக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடித்தேன். கை அன்று அப்படி ஓடியது. பின்புறம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வழக்கம்போல அந்த அம்மா எழுந்துவந்து எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, இங்க வாங்களேன். உங்களக் காணோம்."

"எங்க காணோம்?"

"எங்கன்னு தெரிஞ்சா காணோம்னு சொல்லுவேனா?"

அவர் வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் பார்த்தார். நீளமான பெஞ்ச், அதன் வலது ஓரத்தில் அந்த அம்மா, எதிரே கடல். அவ்வளவுதான். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நாப்பது வருஷமா என்னைய எப்படித் தொலைக்கிறதுன்னு யோசிச்சிட்டிருந்தா இவ. ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டீங்களே தம்பி."

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க."

"ஒரு ஓரமா என்னையும் ஒட்டி விட்டுருங்க. பல்லு தெரியற மாதிரி."

"கையெழுத்துப் போட்டுட்டேன் சார்," என்றேன்.

"அப்ப சரி. போட்டது போட்டதுதான்," என்றார். எவ்வளவு சுலபமாகப் புரிந்துகொண்டார் பாருங்கள்.

அருங்காட்சியகம் ஐந்து மணிக்கு மூடும். ஒன்றரை மணி நேரம் இருந்தது. முதலில் எளிய வழியைத்தான் பார்த்தேன். கீழே கேண்டீனில் இப்போது டீ புதிதாகப் போட்டிருப்பார்கள் என்றேன். போனார். அந்த அம்மா தனியாக இருந்தார். அட்டை உண்மையாக இருந்தது. ஏழு நிமிடத்தில் மூன்று கோப்பைகளோடு வந்துவிட்டார். ஒன்று எனக்கு. நல்ல மனிதர். ஆனால் அட்டையின் பின்புறம் ஒரு மணி நேரம் என்று எழுதியிருக்கிறது. ஏழு நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒன்பதாம் கூடத்தில் பழங்காலப் பல் மருத்துவக் கருவிகள் இருக்கின்றன என்றேன். அதுவும் உண்மை. முகம் விளக்குப் போட்டதுபோல் ஆகிவிட்டது அவருக்கு. மூன்று மாடி ஏறிப் போனவர் பதினோரு நிமிடத்தில் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"ஏம்மா, நீ வந்து பாத்தே ஆகணும். குதிரைக்குப் போடற மாதிரி ஒரு குறடு வச்சிருக்கான்."

"எனக்கு முட்டி வலிக்குது. நீங்க நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. நீங்க சொன்னா நானே பாத்த மாதிரி."

"இன்னொரு தடவ மாடி ஏறினா என் முட்டியும் போயிரும்."

பின்பக்கம் சாமான் ஏற்றும் லிஃப்ட் ஒன்று இருக்கிறது என்று நான்தான் சொன்னேன்.

அந்த லிஃப்ட்டின் கம்பிக் கதவைத் திறந்தால், லிஃப்ட் வராமலேயே திறக்கும். காவலாளி அண்ணன் ஒரு மாதமாக அதைப் பற்றி அலுவலகத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். 'பழுது, திறக்காதீர்' என்று அவரே ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். நான் இரண்டடி முன்னால் போய் அதைக் கழற்றி, எழுத்து சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்தேன். அந்தத் தாழ்வாரத்தில் வெளிச்சம் அழகாக விழும். என்றாவது வரைய வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

அவர் பேசிக்கொண்டே வந்தார். சுவாரசியமாகப் பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக நடப்பது அவர் வழக்கம்.

"அந்தக் காலத்துல மரத்துப் போற ஊசியெல்லாம் ஏது தம்பி? நாலு பேரு கையக் காலப் புடிச்சிக்குவாங்க. அஞ்சாவது ஆளு..."

நான் அவர் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி, மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டேன்.

ஐந்தாவது ஆள் என்ன செய்வான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கதவை மூடி, எழுத்து தெரியும்படி அந்தப் 'பழுது' அட்டையை மாட்டிவிட்டு நான்காம் கூடத்துக்கு வந்தேன். மணி நான்கு எட்டு. நீளமான பெஞ்ச், வலது ஓரத்தில் அந்த அம்மா, எதிரே கடல். ஒரு மயிரிழைகூட மாறவில்லை. எனக்குள் யாரோ சோடா புட்டியைக் குலுக்கித் திறந்துவிட்டதுபோல் இருந்தது. சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டேன்.

"அவரு எங்க தம்பி?"

"ஒன்பதாம் கூடத்துக்குன்னு கிளம்பினாரும்மா."

"குறடு," என்று தலையை ஆட்டிச் சிரித்தார். "இனி ஒரு மாசத்துக்கு வீட்டுல அதே பேச்சுதான்."

பக்கத்தில் வந்து உட்காருங்கள் என்றார். நான் உட்காரவில்லை, உட்கார்ந்தால் அட்டை பொய்யாகிவிடும். வாசலோரம் நின்றுகொண்டேன். ஐந்து மணிக்கு மணி அடிக்கும்வரை அவர் தனியாகத்தான் இருந்தார். நான்கரைக்கு மேல் அடிக்கடி திரும்பிப் பார்த்தார். படத்தில் அவர் முகம் கடலைப் பார்த்திருக்கிறது என்பதால், அப்படித் திரும்பும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

அந்த ஒரு மணி நேரத்தில் மீதியிருந்த நாற்பது நிமிடமும் அவரைக் கருவிகளைப் பற்றிப் பேசவைத்து ஒன்பதாம் கூடத்திலேயே நிறுத்தியிருக்கலாமே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அடுத்த புதனும் அவர்கள் வருவார்கள் அல்லவா? பூட்டுக் கடையின் கதவு ஒரு மணி நேரம் மட்டுமா பச்சையாக இருக்கிறது?

என்னை யாரும் பிடித்து வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் செய்தித்தாளில், முதியவர் தவறுதலாகக் கதவைத் திறந்து விழுந்தார் என்று போட்டிருந்தார்கள். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. கதவைத் திறந்தவன் நான். அப்படி ஒரு பொய்யை அச்சில் விட்டுவைக்க முடியாமல்தான் காலை உணவைக்கூட முடிக்காமல் அன்றே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து அட்டையை ஒப்படைத்தேன். நான் கிளம்பும்போது அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இப்போது நீங்கள் அட்டையை மேசைமேல் வைக்கிறீர்கள். நேற்று அந்த அம்மாவிடம் இதைக் காட்டியதாகவும், அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு ஓர் இடத்தில் விரலை வைத்ததாகவும் சொல்கிறீர்கள்.

"இது அவரு உக்காந்த பள்ளம்."

பார்க்கிறேன். ஆமாம். அந்த அம்மாவுக்கு இடப்புறம், மெத்தையில் ஒரு பள்ளம். ஒரு கனத்த ஆள் எழுந்துபோன அடுத்த கணத்தில் இருக்கும் பள்ளம். அதன் விளிம்பில் மெல்லிய கடுகு நிறம்கூட ஏறியிருக்கிறது. இந்த அட்டையிலேயே சிறந்த பகுதி இதுதான். கால் மணி நேரமாவது எடுத்திருக்கும். அந்தக் கால் மணி நேரமும் அவர் அந்த இடத்தில்தான் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

பிழை என்றுதான் உங்களிடம் சொன்னேன். அக்காவிடமும் நாய் விடுபட்டுவிட்டது என்றுதான் சொன்னேன். விட்டுப்போனவருக்கு யாரும் பள்ளம் வரைய மாட்டார்கள்.

சரி, இப்படி எழுதிக்கொள்ளுங்கள். இரண்டரை மணிக்கு முதல் கோடு போடும்போதே, மாலைக்குள் அவர் இருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்தச் சந்தோஷத்தில்தான் அன்று கை அப்படி ஓடியது.