அரைக் கட்டை

மத்தியானம் இரண்டு மணி. ஆள் நடமாட்டமே இல்லாத சாலை... பேய்க்கு ராத்திரிதான் வேளை என்று எவன் சொன்னான்? சிரிக்கிறவன் வாயை மூடிக்கொண்டு கேள். இது என் சிநேகிதியின் சித்திக்கு நடந்தது.

சித்தி முதுகில் ஒரு கீபோர்டைச் சுமந்து நடந்துகொண்டிருந்தாள். அது குருவியுடையது. குருவி என்றால் சித்தியின் உயிர்த்தோழி. கீச்சுக் குரல், தீராத ஜலதோஷம், எப்போதும் தைல வாசனை. அவள் காய்ச்சலில் போய்ச் சில வாரம்தான் ஆகியிருந்தது.

"உன்கிட்டதான் குடுக்கணும்னு கடைசி வரைக்கும் பிதற்றிட்டே இருந்தாம்மா" என்று அவள் அம்மா அழுதபடி கொடுத்தது.

அதில்தான் இருவரும் பாட்டுக் கல்லூரித் தேர்வுக்குத் தயாரானார்கள். காலியாக இருந்தது ஒரே இடம். தேர்வில் எல்லாமே காதுதான்... திரைக்குப் பின்னால் ஒரு கட்டையை அழுத்துவார்கள். ஒரு கட்டையா, இரண்டா, நடுவிலிருக்கும் கறுப்பு ஒன்றரையா என்று பார்க்காமலே சொல்ல வேண்டும். வருஷம் முழுக்கச் சித்தி சுவரைப் பார்த்து உட்காருவாள். குருவி பின்னாலிருந்து அழுத்துவாள்.

"ரெண்டு கட்டை."

"சரி" என்பாள் குருவி. "நான் வீட்ல இன்னொண்ணுல பழகிக்கறேன். நீ உட்காரு" என்று தன் முறையையும் விட்டுக்கொடுப்பாள். சித்தி உருகிப்போவாள்.

தேர்வில் சித்தி சொன்னது அத்தனையும் தப்பு. இடம் குருவிக்குக் கிடைத்தது. "எனக்குக் காதே இல்லடி" என்று அழுத சித்தியின் தலையைத் தடவிக்கொடுத்ததும் அந்த மகராசிதான். அதோடு சித்தி பாட்டுக்கு முழுக்குப் போட்டுவிட்டு மருந்துக்கடை வேலைக்குப் போனாள்.

சரி, சாலைக்கு வருவோம். காற்று இல்லை. செருப்புச் சத்தம் மட்டும்... சரக்... சரக்...

திடீரென்று தைல வாசனை.

டொய்ங்ங்...

முதுகிலிருந்து. பைக்குள்ளிருந்து. பேட்டரிகூட இல்லாத கீபோர்டு அது! பழக்க தோஷம், சித்தியின் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ரெண்டு கட்டை."

பிடரியில் சில்லென்று ஒரு மூச்சு.

"தப்பு."

இதே சத்தத்துக்கு இதே பதிலை வருஷம் முழுக்கச் சரி என்று சொன்ன குரல்.

எப்படி வீடு வந்து சேர்ந்தாளோ. கதவைத் தாழிட்டுக் கீபோர்டைப் புரட்டினாள். பின்பக்கம் ஒரு பிளாஸ்திரி. "அங்க உடைஞ்சிருக்கு, கை வைக்காதே" என்று குருவி சொல்லிக்கொண்டே இருந்த இடம். பிய்த்தாள். உடையவே இல்லை. சுருதியை ஏற்றி இறக்கும் குமிழ். அரைக் கட்டை ஏற்றி, நகராதபடி ஒட்டியிருந்தது. இரண்டை அழுத்தினால் இரண்டரைதான் கேட்கும்.

பாவி! தேர்வில் தோற்கட்டும் என்றே காதைக் கோணலாக வளர்த்திருக்கிறாள். சித்திக்கு அழுகை வரவில்லை, வயிறு பற்றி எரிந்தது. நம்பித்தானே முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்?

சாயங்காலமே அதை விற்றுத் தொலைத்தாள். விட்டதா?

இன்றைக்கும் இரண்டு மணியானால் தைல வாசனை... பின்னால் ஒரு கட்டை. சித்தி இப்போதெல்லாம் சுவரில் முதுகை ஒட்டித்தான் உட்காருகிறாள். அப்படியும் பின்னால்தான் கேட்கிறது. போன மாதம் என் சிநேகிதி பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறாள். டொய்ங்ங்... சித்தி துணி மடித்துக்கொண்டே சொன்னாளாம்.

"ரெண்டு கட்டை."

"தப்பு..."

சிநேகிதி மெதுவாகக் கேட்டாள்.

"சித்தி... உங்களுக்குச் சரியான பதில் தெரியாதா?"

"தெரியுமே. காது எப்பவோ சரியாயிடுச்சு."

"அப்ப ஒரே ஒரு தடவை சொல்லிடுங்களேன். அவ நிம்மதியாப் போயிடுவா..."

சித்தி புடவையை நீவி, மடிப்புக் கலையாமல் அடுக்கினாள்.

"அதனாலதான் சொல்லலை."

சுவருக்கும் அவள் முதுகுக்கும் நடுவில், விரல்கூட நுழையாத அந்த இடத்தில், ஒரு கீச்சுக் குரல் விசும்பியது. அப்புறம்... அதே கட்டை.