மீட்டர் அட்டையில் ஒரு காலிக் கட்டம்

மேடையில் அமர்ந்திருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் முனுசாமி ஐயா அவர்களே, செயலாளர் ரோஹானா அக்கா அவர்களே, பதினாறு நாளாக அழுது ஓய்ந்து வந்திருக்கும் நம் அடுக்குமாடி புளோக் மக்களே, அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் ஒன்பதாம் மாடி ஷர்மினி. நான் எழுந்ததுமே நாலைந்து பேர் மைக் வயரைத் திரும்பிப் பார்த்தீர்கள். பார்க்கத்தான் வேண்டும். தேசிய தின விழாவில் ஒலிபெருக்கியில் பூனை கத்தியதற்கு நானே பொறுப்பு. இன்று எதையும் தொடவில்லை. தொடத் தெம்பும் இல்லை.

நம்மை விட்டுப் போய்விட்ட ஜெகதீஸ்வரி அக்காவைப் பற்றி என்ன சொல்வது? பத்து காவான் ஊர்த் தொழிற்சாலை ஒன்றில் வாரத்தில் ஐந்து நாள் கருவிகளைச் சோதித்துவிட்டு, ஆறாம் நாள் இந்த மண்டபத்தில் மேசை போட்டு, நம் விசிறியையும் ரேடியோவையும் அவசர விளக்கையும் பழுது பார்த்தவர். ஓய்வு எடுத்தாரா? எடுக்கத்தான் விட்டோமா?

அவருடையது ஊசி வைத்த மல்டிமீட்டர். அளக்கும் முன் அதைப் படுக்க வைப்பார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஊசியும் கண்ணாடிப் பட்டையில் தெரியும் அதன் பிம்பமும் ஒன்றாகும்வரை தலையை நகர்த்துவார். ஊசி சுழியத்தில் நிற்கிறதா? நின்றால்தான் வேலை. மின்தடை பார்ப்பதென்றால் இரண்டு முனைகளையும் முட்ட வைத்து, குமிழைத் திருகி மறுபடி சுழியம்.

"எத்தனை தடவைக்கா இதையே செய்வீங்க?"

"எத்தனை தடவை ரேஞ்ச் மாத்துறேனோ அத்தனை தடவைலா."

ஒரு சனிக்கிழமை அவர் தேத்தண்ணி எடுக்கப் போனபோது, முன்பக்கத்துச் சுழியத் திருகை ஒரு துளி திருப்பி வைத்தேன். திரும்பி வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"ஷர்மி, ஸ்க்ரூவைத் தொட்டியா?"

"ஊசிக்குக் கழுத்து சுளுக்கிடுச்சு போலக்கா."

"இரு, உனக்கு எடுக்குறேன் சுளுக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் தோற்ற கடுப்பு.

அடுத்த வாரம் பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த சின்னத் திருகைத் திருப்பினேன். இப்போது சுழியம் சரியாக நிற்கும். வோல்ட் மட்டும் கூடுதலாகக் காட்டும். கண்ணால் பிடிக்க முடியாத இடம். ஜெயித்துவிட்டேன். ஆனால் அன்று கூட்டம் அதிகம். சொல்லிச் சிரிக்க நேரம் வரவில்லை. பிறகு பரீட்சை வந்தது, மறந்தே போனேன்.

அந்த மீட்டர்தான் மூன்றாம் மாடி ஹபீபா மாமியின் அவசர விளக்கை அளந்தது. பேட்டரி பலவீனம், ஊசியோ முழுசாக ஆறு வோல்ட் காட்டியது. "நல்லா இருக்கு மாமி" என்று அக்கா கொடுத்தனுப்பினார். அடுத்த வியாழன் மாலை மின்சாரம் போனது. விளக்கு ஐந்து நிமிடத்தில் அணைந்தது. மாமி இருட்டில் படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஜெகதீஸ்வரியை நம்பாதீர்கள் என்று புளோக் முழுக்கப் பேச்சு.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, சரியாக அளக்கும் என்று சான்றிதழ் பெற்ற மீட்டரோடு தன் மீட்டரை ஒப்பிடுவது அக்காவின் வழக்கம். அந்த முறை, ஒரே பேட்டரியில் அரை வோல்ட் வித்தியாசம். மீட்டரைச் சரிசெய்துவிட்டுச் சும்மா இருந்தாரா? நோட்டைத் திறந்து, போன ஒப்பீட்டுக்குப் பிறகு வோல்ட் அளந்த வீடுகளை எல்லாம் எழுதினார். பதினான்கு வீடுகள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. அவர் ஏறினார், பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஏறினேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சு: "என் மீட்டர் தப்பா காட்டிருக்கு. இன்னொரு தடவை பாத்துடறேன்."

பதினோராம் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "முட்டி ரெண்டும் ஷார்ட் ஆயிடுச்சு ஷர்மி." அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், வந்தது வேறு. "கவர் பிரிச்சுப் பாத்துடலாமாக்கா?" சிரித்துக்கொண்டே எழுந்தார்.

கடைசி வாசல் மாமி வீடு. கிரில் திறக்கவில்லை. "இனிமே என் சாமான் எதையும் தொடாத." அக்கா தலையாட்டிவிட்டு இறங்கினார். அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

மீட்டரின் முதுகில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. தேதி, எவ்வளவு தவறு, காரணம், கையெழுத்து. ஒரு வரியில் 'கீழே விழுந்தது', இன்னொன்றில் 'வெயில்'. அந்த மாதத்து வரியில் மட்டும் காரணக் கட்டம் காலி. உள்திருகின்மேல் அவர் முத்திரையாக வைத்திருந்த சிவப்பு மைப் பொட்டு உடைந்து கிடந்ததைப் பார்க்காமலா இருந்திருப்பார்? நானே வந்து சொல்வேன் என்றுதான் விட்டு வைத்தாரா? இனி யாரைக் கேட்பது?

ஹபீபா மாமி, நீங்கள் இரண்டாம் வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் கை முறிந்தது அக்காவால் அல்ல, என்னால். அவர் அளந்ததில் பிழை இல்லை. அவர் மீட்டரைக் கெடுத்தது நான். அந்தக் கட்டத்தில் இன்று காலை அதை எழுதி, என் கையெழுத்தையும் போட்டுவிட்டேன். இத்தனை பேர் முன்னால் மன்னிப்பும் கேட்கிறேன்.

அக்காவின் வேலையைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசியவர்கள் உறுதி சொன்னார்கள். எனக்குப் பெரிய உறுதி ஒன்றும் வரவில்லை. அவர் நோட்டில் பதின்மூன்று வீடுகளுக்கு டிக் இருக்கிறது. ஒன்று பாக்கி. ரோஹானா அக்கா என்கூடவே வந்து மேற்பார்வை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். மீட்டரை நேற்றே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டோம். நீங்கள் கிரிலை மட்டும் திறங்கள், மாமி. பையைத் தூக்கிக்கொண்டு படியேறி வருகிறேன். லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை.