மனைவியின் தோளுக்கு அளவெடுத்த துவக்கு

சென்ட் லோரன்ட் போகும் பேருந்தில், எனக்கு முன்னால் இரண்டு பேர். நவம்பர்க் குளிர்.

“மனிசிக்காகத் துவக்கின்ர தோளில வைக்கிற கட்டையை ரெண்டாந்தரமும் அரிஞ்சனான்,” என்றார் மூத்தவர்.

“துவக்கோ? என்னண்ணை சொல்லுறியள்?”

“லீவர் இழுத்துச் சுடுற என்ர துவக்குத்தான். மான் வேட்டைக்குத் தானும் வாறனெண்டு நிக்கிறா. ஆள் கட்டை, கை எட்டேல்ல. கோடையில மெல்லிய சட்டையோட அளந்து வெட்டினனான். இப்ப குளிர் ஜக்கெற்றைப் போட்டா, தோளில வைக்க நீளமாப் போச்சு, அதான் திரும்பவும் அரிஞ்சது.”

இளையவர் குழம்பிப்போய்ப் பார்த்தார்.

“அக்கா வெடிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்குக் கீழ போறவ எல்லே?”

“ஓம், இப்பவும் போறவ.”

“பேந்தேன் அவவுக்குத் துவக்கு?”

“நானும் கேட்டனான். தானே சுட்டா, எப்ப வெடிக்குமெண்டு தனக்குத் தெரியுமாம்.”