ஒன்பது கேமராக்களும் ஒரு ரூபாய்ச் சேலையும்

கடைத்தெருச் சண்டைகளை எல்லாம் டீ வாங்கிக் கொடுத்தே தீர்த்து வைக்கும் எங்கள் வணிகர் சங்கத் தலைவர் இளஞ்செழியன் அவர்களே! மேடையின் வலப்பக்கம் வீற்றிருக்கும் எங்கள் கட்சி அண்ணன் வீரமணி அவர்களே! அவருக்குப் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று இடப்பக்கக் கோடிக்குப் போய்விட்ட எதிர்க்கட்சித் தம்பி கவியரசன் அவர்களே! கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! கரும்புத் தோட்டத்திலிருந்து காலைக்கூடக் கழுவாமல் வந்து நிற்கும் தாய்மார்களே! பாத்திரக்கடைப் பொன்னுரங்கத்தின் பணிவான வணக்கம்.

எனக்கு மாலை வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டேன். சிரிக்காதீர்கள் ஐயா, அடக்கத்தினால் அல்ல. நான் பேச வந்தது என் பெருமையை அல்ல, என் பிழையை.

களவு போகாமல் காக்கக் கேமரா வைப்போம் என்று கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கியவன் யார்? நான். ஒன்பது கேமராக்களையும் ஒரே நாளில் மாட்டிவிட்டுப் பட்டாசு வெடித்தவன் யார்? நான். எங்கள் ஆட்சியில் எங்கள் தெரு பத்திரம் என்று மார்தட்டியவன் யார்? அதுவும் நான்தான். அந்த ஒன்பதில் ஒன்று, துணிக்கடை அப்துல் ஜலீல் பாயின் வாசலைப் பார்த்தபடி இருந்தது.

ஜலீல் பாய் யார் என்று இந்த ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டுகிற பெண்களுக்கு, நோன்பு மாதத்தின் கடைசி வியாழக்கிழமை ஆளுக்கொரு சேலை கொடுப்பார். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கொடுத்தார். ஆனால் சும்மா கொடுக்க மாட்டார். ஒவ்வொருவரிடமும் ஒரு ரூபாய் கேட்டு வாங்கிக்கொள்வார். "எவனாவது கேட்டா, கடையில காசு குடுத்து எடுத்தேன்னு தைரியமா சொல்லும்மா" என்பார். வாங்குகிறவர் கூசிப்போகக் கூடாது என்பதற்காக அவராகக் கண்டுபிடித்த வழி அது.

போன ஆண்டு ஓர் அதிகாரி அந்த மாதத்துப் பதிவைக் கேட்டார். எதற்கு என்று கேட்டேனா? இல்லை. எந்த உத்தரவின் பேரில் என்று கேட்டேனா? இல்லை. நம் ஆட்சியின் அதிகாரி கேட்கிறார் என்று நானே ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். பதிவில் இருநூற்றுப் பத்துப் பெண்கள் பையும் கையுமாக வெளியே வருகிறார்கள். பில் ஒன்றுகூட இல்லை. வரி ஏய்ப்பு என்று பாய்க்கு நோட்டீஸ் வந்தது.

விசாரணைக்கு, சேலை வாங்கியவர்களில் ஒருவரான ஆயம்மாளைச் சாட்சியாக அழைத்துப் போனோம். அதோ, தூணோரம் நிற்கிறாரே, அவர்தான். சேலை சும்மா கிடைத்ததா, காசு கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். ஆயம்மாள் தலை நிமிர்த்திச் சொன்னார்: "இன்னா சார் இப்டி கேக்கறீங்க? நான் இன்னா பிச்சையா எடுத்துக்கினு கீறேன்? காசு குடுத்துதான் எடுத்தேன்!"

அவ்வளவுதான், பில் இல்லாமல் விற்றது என்று எழுதிக்கொண்டார்கள். எவ்வளவு காசு என்று கேட்கவே இல்லை. அந்த ஒரு ரூபாயைச் சொல்ல நான் எழுந்தேன். பாய் என் கையைப் பிடித்து அழுத்தினார். "வாணாங்க. எல்லார் எதிர்லயும் அந்தம்மாவைப் பிச்சைக்காரி ஆக்க வாணாம்" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஊர் பொங்கி எழுந்திருக்க வேண்டாமா? எழுந்தது ஐயா, எழுந்தது, இரண்டாகப் பிரிந்து எழுந்தது! கேமரா காவல், வரிதான் கொடுமை, அது டெல்லியில் உங்களவர்கள் போட்டது என்றார் அண்ணன். வரி நாட்டுக்கு நல்லது, கேமராதான் வேவு, அது சென்னையில் உங்களவர்கள் வைக்கச் சொன்னது என்றார் தம்பி. ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில் வரியைப் புகழ்ந்தவர் அண்ணன், கேமராவைப் புகழ்ந்தவர் தம்பி! என்ன, இல்லையென்கிறீர்களா? நான்தான் அன்றைக்கு நன்றியுரை சொன்னேன், அண்ணே. கூட்டணி மாறியது, பேச்சு மாறியது. பாயின் நோட்டீஸ் அப்படியேதான் இருக்கிறது.

நாளைக் காலை பதினொரு மணிக்குக் கடைசி விசாரணை. அந்த ஒரு ரூபாய் வழக்கம் உண்மைதான் என்று சங்கம் ஒரு கடிதம் கொடுத்தால் போதும், கடை பிழைத்துக்கொள்ளும் என்கிறார் வக்கீல். வரியைக் கண்டித்து ஒரு வரி சேர்த்தால்தான் அண்ணன் கையெழுத்துப் போடுவாராம். கேமராவைக் கண்டித்தால்தான் தம்பி போடுவாராம். இவர்களில் ஒருவராவது போடாமல் தலைவர் போட மாட்டாராம். பதினான்கு முறை எழுதிக் கிழித்தாகிவிட்டது.

தான் சொன்ன சொல்தான் பாய்க்கு எதிராகப் போனது என்று மூன்று நாளைக்கு முன் ஆயம்மாளுக்குத் தெரிந்தது. அந்தச் சேலையைத் துவைத்து மடித்து, பையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். "பாய், இத்தத் திருப்பி எடுத்துக்கினா கேசு போயிடுங்களா?" என்று கேட்டார். பாய் கேமராவை ஒரு முறை பார்த்தார். "பையோட வாசல்ல நிக்காதம்மா. போயிடு" என்றார். இருபத்திரண்டு ஆண்டுகள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்த மனிதர், ஒரு பையைப் பார்த்துப் பயப்படுகிறார்! எதிர்க்கடையில் நின்றிருந்த நான் அழுதுவிட்டேன்.

ஆயம்மாள் நேராக என்னிடம் வந்தார். "பிச்சை எடுத்தேன்னே எழுதிக்குங்க. நான் கைநாட்டு வெக்கிறேன்" என்றார்.

இதோ, அந்த ஒரு ரூபாயை மட்டும் சொல்லும் கடிதம். மேலே அவருடைய கைநாட்டு, கீழே என் கையெழுத்து. மூன்றாவது இடம் சங்கத்துக்காகக் காலியாக இருக்கிறது. அண்ணே, வருகிறீர்களா? தம்பி, நீ?

அண்ணன் தம்பியைப் பார்க்கிறார். தம்பி அண்ணனைப் பார்க்கிறார். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கைதட்டாதீர்கள், தயவு செய்து கைதட்டாதீர்கள். தட்டுகிற கைகளில் ஒரு கை பேனாவைப் பிடித்தால் போதும்.

யாரும் எழுந்திருக்கவில்லை. சரி. இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டதற்கு உங்கள் எல்லாருக்கும் என் நன்றி. ஆயம்மா, வாங்க, கச்சிராயபாளையம் பஸ்ஸுக்கு நேரமாகிறது. பேனாவை மேசைமேலேயே வைத்துவிட்டுப் போகிறேன். வணக்கம்.